ஈகையும் விசாரணையும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று எமக்கு விதிக்கப்பட்ட பொருள் ஈகையைப் பற்றியது. ஈகையின் பெருமையைப் பேசுதல் எளிது, கேட்பதற்கும் இனிது. ஆயின் யாம் இன்று அதன் பெருமையைப் பேச வரவில்லை. ஈகை எவ்வாறு களவாடப்படுகின்றது, அக்களவை நாம் எவ்வாறு அறிந்து விலக்குவது என்பதையே பேச வந்துள்ளோம். இது கேட்பதற்கு அத்துணை இனிமையுடையதன்று. ஆயினும், நம் இல்லங்களிலும் கடைகளிலும் கைப்பேசிகளிலும் நாள்தோறும் தருமத்தின் பெயரால் கை நீட்டப்பெறுகின்ற இக்காலத்தில், இதனைப் பேசாதிருத்தல் நம் மக்களுக்கு நாம் செய்யும் குறையாகும்.

யாம் சொல்லப் புகுவதன் சாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகின்றோம். விசாரித்துக் கொடுப்பது ஈகைக்கு இழுக்கன்று. அது ஈகையின் ஒரு பகுதியே ஆகும். கேள்வி கேட்பவனைக் கண்டு உண்மையான தரும ஸ்தாபனம் அஞ்சுவதில்லை, அஞ்சுபவன் பொய்யனே. 'ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு' என்று நம் பாட்டிமார் சொல்லிவைத்தது கருமித்தனத்தைக் கற்பிப்பதற்காக அன்று. போட்டது எவ்வளவு, போனது எங்கே என்று போட்டவனுக்குத் தெரிந்திருக்கவேண்டும் என்பதற்காகவே.

முன்னோர் கொடுத்த முறை

நம் நாட்டில் முன்னோர் கொடுத்த முறையைச் சற்று நோக்குவோம். வணிகர் மூட்டைக்கு இவ்வளவு என்று மகமை எடுத்துவைத்தனர். தாய்மார் உலையிலிடும் அரிசியில் ஒரு பிடியைத் தனிக் கலயத்தில் இட்டுவந்தனர். விருதுநகரில் 1889-ஆம் ஆண்டில் தோன்றிய க்ஷத்திரிய வித்தியாசாலை இத்தகைய மகமையாலும் பிடியரிசியாலும் வளர்ந்தது. காமராஜர் பிள்ளைப் பருவத்தில் கற்றது அப்பள்ளியிலேயாம். அந்தப் பிடியரிசி எங்கே போயிற்றோ என்று எந்தத் தாயும் ஐயுற்றிருக்கமாட்டாள். அவ்வரிசியால் நடந்த பள்ளி அவள் வாழ்ந்த ஊரிலேயே இருந்தது. அவள் பெற்ற பிள்ளையும் அண்டை வீட்டுப் பிள்ளையும் அதிலே கற்றார்கள். மகமைக்குப் பொறுப்பாயிருந்தவரோ நாளும் கடைத்தெருவில் எதிர்ப்படுகின்ற மனிதர்.

ஆகையால், 'முன்னோர் ஒன்றும் விசாரியாமல் வாரி வழங்கினர்' என்று நாம் எண்ணுவது பிழை. விசாரணை அம்முறையின் உள்ளேயே அமைந்திருந்தது. கொடுத்தவர் கண்ணெதிரே கொடை நின்றது.

இன்றைய நிலை வேறு. கொடுப்பவர் ஓர் ஊரில் இருக்கின்றார். பெறுபவர் இன்னதென்று தெரியாத வேறோர் ஊரில் இருப்பதாகச் சொல்லப்படுகின்றது. இடையே நிற்பது ஒரு படமும், ஒரு கணக்கு எண்ணும், கண்ணீர் வரவழைக்கும் நான்கு வரிகளுமே. முன்னாளில் கண் செய்துவந்த விசாரணையை இந்நாளில் நம் வாய்தான் செய்யவேண்டும்.

இது புதிய நோயன்று

கைப்பேசி வந்தபிறகே இத்தீமை முளைத்தது என்று சிலர் கருதுகின்றனர். அவ்வாறன்று. இங்கிலாந்தின் தலைநகராகிய லண்டனில் 1818-ஆம் ஆண்டிலேயே பொய் இரவலரைப் பிரித்தறிவதற்கென்று ஒரு சபை ஏற்பட்டது. அச்சபையின் அங்கத்தினர் தெருவில் இரப்பவர்க்குக் காசு கொடாமல் ஒரு சீட்டைக் கொடுப்பர். அச்சீட்டோடு சபையின் அலுவலகத்திற்குச் செல்பவர்க்கு உணவு கிடைக்கும். அவர்தம் நிலையும் விசாரிக்கப்படும். துயரக் கதைகளைப் புனைந்து செல்வர்க்கு எழுதப்பெற்ற யாசகக் கடிதங்களையும் அச்சபையார் ஆராய்ந்துவந்தனர்.

1914-ஆம் ஆண்டில் முதல் உலக யுத்தம் தொடங்கியது. காயமுற்ற வீரர்க்கும் அகதிகளுக்கும் என்று இங்கிலாந்தெங்கும் வசூல்கள் பெருகின. அவற்றுள் பொய்யானவையும் கலந்தன. அதனால் 1916-இல் யுத்த தருமங்களுக்கென்றே ஒரு சட்டம் இயற்ற வேண்டியதாயிற்று. யுத்த தருமத்திற்காகப் பொதுமக்களிடம் பொருள் கேட்போர் முதலில் பதிவு செய்துகொள்ளல் வேண்டும். நிர்வாகக் குழுவில் மூவருக்குக் குறையாமல் இருத்தல் வேண்டும். கணக்கு எழுதித் தணிக்கை செய்வித்தல் வேண்டும். பணம் தனியான வங்கிக் கணக்கில் சேர்தல் வேண்டும் என்பன அச்சட்டத்தின் விதிகள். நூறாண்டு கடந்தும் நாம் கேட்கவேண்டிய கேள்விகள் இந்நான்கினுள் பெரும்பாலும் அடங்கிவிடுகின்றன என்பதை நினைவில் வைத்தல் நலம்.

நால்வகை ஏமாற்று

தருமத்தின் பெயரால் நிகழும் ஏமாற்றுக்களை நான்காக வகுத்துக்கொண்டால் விளங்கிக்கொள்ளுதல் எளிதாகும்.

முதலாவது, பெயரைத் திருடுதல். 2020-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் கொரோனாத் தொற்றின் பொருட்டுப் பிரதமரின் பெயரால் பிஎம் கேர்ஸ் என்னும் நிதி அறிவிக்கப்பட்டது. அறிவித்த ஓரிரு நாட்களுக்குள், அதன் யூபிஐ முகவரியைப் போன்ற போலி முகவரிகள் உலவத் தொடங்கின. உண்மை முகவரியின் ஈற்றில் நின்ற ஒரே ஓர் ஆங்கில எழுத்தை விட்டுவிட்டு ஒரு போலி முகவரி அமைக்கப்பட்டிருந்தது. 'கேர்ஸ்' என்பதைக் 'கேர்' என்று எழுதியது ஒன்றே வேற்றுமை. டெல்லிக் காவல் துறையார் அதனைக் கண்டு எச்சரிக்கை விடுத்தனர். 2024-ஆம் ஆண்டு ஜூலை 30-ஆம் நாள் கேரளத்து வயநாட்டில் மலை சரிந்து ஊர்கள் புதையுண்டன. அப்போது அம்மாநில முதலமைச்சரின் துயர்தீர்ப்பு நிதிக்கென வெளியிட்டிருந்த க்யூஆர் குறிகளைத் தீயோர் தவறாகப் பயன்படுத்தக்கூடும் என்று கருதி, அவ்வரசே அவற்றை விலக்கிக்கொண்டது. பேரிடர் நிகழ்ந்த முதல் சில நாட்களே மக்கள் மனம் மிகவும் இளகியிருக்கும் நாட்கள். திருடனுக்கும் அவையே அறுவடை நாட்கள்.

இரண்டாவது, கதையைப் புனைதல். 2017-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டில் ஒரு கதை பரவியது. பிலடெல்பியா நகருக்கருகே ஓர் இளம்பெண்ணின் காரில் எரிபொருள் தீர்ந்துவிட்டதாம். வீடற்றுத் தெருவில் கிடந்த ஒருவர் தம்மிடம் எஞ்சியிருந்த 20 டாலரைக் கொடுத்து உதவினாராம். அவருக்குக் கைம்மாறு செய்யப் பொருள் வேண்டுமாம். பதினாலாயிரம் பேர்க்கு மேல் இணையவழியே கொடுத்தனர். நான்கு லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. அடுத்த ஆண்டில் அக்கதை முழுவதும் கட்டுக்கதை என்பது வெளியாயிற்று. அப்பெண்ணும், அவள் துணைவனும், உதவியதாகச் சொல்லப்பட்டவரும் மூவருமே குற்றத்தை ஒப்புக்கொண்டனர். வசூல் நடத்திய தளத்தார் கொடுத்தவர்க்குப் பணத்தைத் திருப்பியளித்தனர். அக்கதையிலே குறை ஒன்றும் இல்லை என்பதே அதன் குறை. உண்மைத் துன்பம் இத்துணைச் செப்பமாக அமைவது அரிது. அதற்கு ஊர் இருக்கும், மருத்துவமனை இருக்கும், அறிந்த அயலார் இருப்பர். விசாரித்தால் பதில் சொல்ல ஆள் இருக்கும்.

மூன்றாவது, பதிவு உண்மை, செலவு பொய். இதுவே கண்டறிவதற்கு மிகவும் கடினமானது. 2015-ஆம் ஆண்டு மே மாதத்தில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையமும் ஐம்பது மாநிலங்களும் ஒன்றுசேர்ந்து, புற்றுநோயாளர்க்கு உதவுவதாகச் சொல்லிவந்த நான்கு ஸ்தாபனங்களின்மீது வழக்குத் தொடுத்தன. அவை இரவில் ஒளிந்து நடத்திய திருட்டு ஸ்தாபனங்கள் அல்ல, முறைப்படி பதிவு பெற்றவை, ரசீது கொடுத்தவை. 2008 முதல் 2012 வரை அவை பொதுமக்களிடம் பெற்ற தொகை 18 கோடியே 70 லட்சம் டாலருக்கு மேற்பட்டது. அதில் பெரும்பகுதி தொலைபேசியில் வசூல் செய்து கொடுத்த கம்பெனிகளுக்கும், நடத்தியவர்தம் குடும்பத்தார்க்கும் நண்பர்க்கும் சென்றது. கார்களுக்கும் உல்லாசக் கப்பல் யாத்திரைகளுக்கும் செலவாயிற்று என்பது வழக்கு. வசூல் செய்தவர்களே பல வேளைகளில் நூற்றுக்கு 85 பங்கும் அதற்கு மேலும் எடுத்துக்கொண்டனர். நோயாளர்க்குச் சேர்ந்தது மிகச் சிறு பங்கே. வழக்கின் முடிவில் அந்த ஸ்தாபனங்கள் கலைக்கப்பட்டன.

இதனோடு நம் நாட்டுக் காட்சி ஒன்றையும் ஒப்பிட்டு நோக்குக. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியார் அவர்களின் முயற்சியால் 1954-ஆம் ஆண்டில் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை தொடங்கியபோது அதில் இருந்த படுக்கைகள் 12. பொதுமக்கள் கொடுத்த பொருளும் துணைநிற்க, அது நாடறிந்த நிலையமாக வளர்ந்து நிற்கின்றது. நோய் ஒன்றே, கேட்ட சொல்லும் ஒன்றே. ஆயின் ஓரிடத்தில் கொடை நோயாளியின் படுக்கையாயிற்று. மற்றோரிடத்தில் நிர்வாகியின் காராயிற்று. கொடுத்தவர் அன்பில் இருதிறத்தார்க்கும் வேற்றுமை ஒன்றுமில்லை என்பதுதான் நாம் வருந்தவேண்டிய செய்தி.

நான்காவது, 'நம்மவர்' என்னும் சொல்லை முதலாக வைத்து நடத்தும் ஏமாற்று. சங்கத்தின் கூட்டத்தில் இதனைச் சொல்லாமல் வேறெங்கே சொல்வது? 1989-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 'புதிய யுகத் தருமம்' என்னும் பொருள்படும் பெயருடன் ஒரு ஸ்தாபனம் எழுந்தது. பெயர் சொல்ல விரும்பாத பெருஞ்செல்வர் சிலர் தம் பின்னே இருப்பதாகவும், தரும ஸ்தாபனங்கள் தம்மிடம் கொடுத்துவைக்கும் தொகையைச் சில மாதங்களில் இரட்டிப்பாக்கித் திருப்பித் தருவதாகவும் அதன் தலைவர் சொன்னார். அவர் பக்திமானாகத் தோன்றினார். தம் மதத்தாரிடையே நற்பெயர் பெற்றிருந்தார். அம்மதத்தாரின் கல்லூரிகளும் சபைகளும் ஒன்றைப் பார்த்து ஒன்று பணத்தைக் கட்டின. முதலில் கட்டியவர்க்கு இரட்டிப்பாகவே கிடைத்தது; பின்னே வந்தவரின் பணமே முன்னே வந்தவர்க்குக் கொடுக்கப்பட்டது. பெயர் சொல்ல விரும்பாத செல்வர் என்று ஒருவரும் இருந்ததில்லை. 1995-இல் அது சரிந்தது. 1997-இல் தலைவருக்குப் பன்னிரண்டு ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

மகாஜனங்களே! அங்கே மதம் செய்த வேலையை நம்மிடையே குலம் செய்யக்கூடும் அன்றோ? ஒருவர் நம் கடைக்கு வந்து, 'ஐயா, நானும் நம்மவனே, நம் பிள்ளைகளின் கல்விக்காக வந்துள்ளேன்' என்றால், நம் கை தானாகவே பெட்டியை நோக்கிப் போகின்றது, வாய் அடைத்துப்போகின்றது. அன்னியரிடம் கேட்கும் கேள்வியை நம்மவரிடம் கேட்க நாணுகின்றோம். அந்நாணமே ஏமாற்றுவோன் தேடிவரும் பொருள். குலப்பெயர் உறவைக் காட்டும், கணக்கைக் காட்டாது. அன்னியர்க்கு ஒரு விசாரணை செய்தால் நம்மவர்க்கும் அதே விசாரணை செய்தல் வேண்டும். உண்மையாளராகிய நம்மவர் அதனால் மனம் நோகார்.

பத்திரங்கள் எதனைக் காட்டும்? எதனைக் காட்டமாட்டா?

வசூலுக்கு வருவோர் பலர் உறைக்குள் பல பத்திரங்களை வைத்துக்கொண்டு வருகின்றனர். முத்திரையைக் கண்டவுடன் நாம் அடங்கிவிடுகின்றோம். ஒவ்வொரு பத்திரமும் எதற்குச் சாட்சி என்பதை அறிந்துகொள்வோமாக.

டிரஸ்டுப் பத்திரம் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவானது என்பது, இன்னார் இன்ன நோக்கத்தை எழுதிக் கையெழுத்திட்டனர் என்பதற்கு மட்டும் சாட்சி. எழுதியபடி நடந்தனர் என்பதற்கு அது சாட்சியாகாது. சங்கமாகப் பதிவு செய்தவர், 1975-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி ஆண்டுதோறும் பதிவாளரிடம் கணக்கு ஒப்புவித்தல் வேண்டும். ஆகவே பதிவு எண்ணைக் கேட்பதோடு நில்லாமல், சென்ற ஆண்டுக் கணக்கைக் கேட்பதே முறை. நிதி ஆயோக் நடத்தும் தர்ப்பண் என்னும் இணையதளத்தில் பெயர் இருப்பது ஒரு பட்டியலில் பெயர் இருப்பதேயன்றி, அரசாங்கத்தின் நற்சாட்சிப் பத்திரமன்று.

வருமான வரிச் சலுகையைப் பற்றி ஒரு சொல். 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் 80ஜி என்று பெயர்பெற்ற சலுகையை, 2025-இல் இயற்றிய புதிய சட்டத்தில் பிரிவின் எண் மாறிய பின்னரும் மக்கள் அப்பெயராலேயே வழங்குகின்றனர். அது கொடுப்பவர்க்கு வரி குறைவதைப் பற்றியது. பெறுபவரின் ஒழுக்கத்தைப் பற்றியதன்று. ஆயினும் அது நமக்கு ஒரு வகையில் உதவும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுப்பதற்கு 2017-ஆம் ஆண்டு முதல் அச்சலுகை இல்லை. 2021-22 நிதியாண்டு முதல், பெற்றவர் வரித்துறைக்கு விவரம் அனுப்பிக் கொடுத்தவர்க்குச் சான்றிதழும் வழங்கவேண்டும் என்ற விதி உண்டாயிற்று. எனவே, 'வரிச்சலுகை உண்டு. ஆயின் ரொக்கமாகவே பெரிய தொகை கொடுங்கள்' என்று ஒருவர் சொன்னால், ஒரே வாயில் இரண்டு பேச்சு என்று அறிக.

குழந்தைகள் இல்லம் என்று வருவோர்க்கு வேறொரு விதியும் உண்டு. 2015-ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி ஆதரவற்ற குழந்தைகளை வைத்துப் பராமரிக்கும் இல்லம் ஒவ்வொன்றும் அச்சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுதல் வேண்டும். டிரஸ்டுப் பதிவு மட்டும் அதற்குப் போதாது. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் விசாரித்தால் அவ்வில்லம் உண்டா இல்லையா என்பது தெளியும். கோயில் திருப்பணிக்கென்று வருவோரிடம், அக்கோயில் அறநிலையத் துறையின் ஆளுகைக்கு உட்பட்டதா என்று கேட்டு, உட்பட்டதாயின் அதன் செயல் அலுவலரிடமே செலுத்தி ரசீது பெறலாம். வெளிநாட்டிலிருக்கும் நம் பிள்ளைகளிடம் பணம் கேட்போர், அந்நிய நன்கொடையை ஒழுங்குசெய்யும் 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தை மனத்திற்கொள்ளவேண்டும். அந்நிய நாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் கொடுப்பதைப் பெற அதன்படி தனிப்பதிவு வேண்டும்.

கேட்கவேண்டிய கேள்விகள்

இனி, கடைவாயிலில் ரசீதுப் புத்தகத்தோடு ஒருவர் நிற்கின்றார் என்று வைத்துக்கொள்வோம். அல்லது கைப்பேசியில் ஒரு வேண்டுகோள் வந்துள்ளது என்று வைத்துக்கொள்வோம். யாது செய்வது?

ஒன்று: உதவி பெறுவோர் எந்த ஊரில், எந்தத் தெருவில் இருக்கின்றனர்? யாம் நேரில் வந்து காணலாமா? உண்மையான இல்லத்தார் 'இன்றே வாருங்கள்' என்பர்.

இரண்டு: பணம் யாருடைய கணக்கில் சேர்கின்றது? ஸ்தாபனத்தின் பெயருக்கா, தனி மனிதர் பெயருக்கா? கைப்பேசியில் பணம் அனுப்புமுன் பெறுபவர் பெயர் திரையில் தோன்றும். அப்பெயரைப் படியாமல் விரலை வைத்தல் ஆகாது.

மூன்று: வசூலிக்க வந்தவர்க்குச் சம்பளமா, கமிஷனா? கமிஷனாயின் நூற்றுக்கு எவ்வளவு? உழைத்தவர் கூலி பெறுதல் குற்றமன்று. அதனை மறைத்தலே குற்றம்.

நான்கு: சென்ற ஆண்டில் எவ்வளவு வந்தது, எவ்வளவு செலவாயிற்று, யார் தணிக்கை செய்தார்?

ஐந்து: ரசீதில் வரிசை எண்ணும், ஸ்தாபனத்தின் முழு முகவரியும், பதிவு எண்ணும் அச்சாகியுள்ளனவா? அடிக்கட்டையில் எழுதிய தொகையும் நம்மிடம் தந்த தாளில் எழுதிய தொகையும் ஒன்றா?

ஆறு: சிகிச்சைக்கென்று கேட்டால், எந்த மருத்துவமனை? நோயாளியின் பதிவு எண் யாது? மருத்துவமனையின் கணக்கிலேயே நாம் செலுத்தலாமா? முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அச்சிகிச்சைக்கு இடமுண்டா என்று பார்த்தாயிற்றா?

ஏழு: நாளை கொடுத்தால் ஆகாதா? இதுவே எல்லாவற்றிலும் சிறந்த கேள்வி. 'இன்னும் ஒரு மணி நேரத்தில் கட்டாவிட்டால் பிள்ளை பிழைக்காது' என்று அவசரப்படுத்துதல் ஏமாற்றுவோனின் பழைய கருவி. உண்மையாகவே அவசரமாயின், மருத்துவமனைக்கு ஒரு தொலைபேசி அழைப்பு ஐந்து நிமிஷத்தில் முடியும்.

இவற்றோடு மற்றொன்றும் சொல்லவேண்டும். நாம் கொடாவிட்டாலும் அந்த வேண்டுகோளைப் பத்துப் பேருக்கு அனுப்பிவிடுகின்றோம். 'நம்மால் இயன்றது இதுவாவது' என்று மனநிறைவும் கொள்கின்றோம். நம் பெயரோடு செல்லும் செய்தியை உறவினர் நம் சாட்சியாகவே கொள்வர். பல ஆண்டுகளுக்கு முன் பிழைத்தோ இறந்தோ போன குழந்தையின் படம், புதிய கணக்கு எண்ணோடு இன்றும் உலவக்கூடும். விசாரியாமல் அனுப்புதல் அறியாமல் சாட்சி சொல்லுதலை ஒக்கும்.

இரண்டு ஆட்சேபங்கள்

நம் பெரியோர் சிலர், 'கொடுத்ததோடு நம் கடமை முடிந்தது. அவன் ஏமாற்றினால் பாவம் அவனைச் சேரும்' என்பர். கொடுத்தவர் புண்ணியத்தை மட்டும் நினைத்தால் இது சரியாகத் தோன்றலாம். ஆயின் அப்பணம் சேரவேண்டியிருந்த ஏழையை நினைத்தால் சரியாகாது. பொய்யன் பெற்ற நூறு ரூபாய், உண்மையான நோயாளி பெறாத நூறு ரூபாய். அன்றியும், இரண்டு முறை ஏமாந்தவர் மூன்றாம் முறை எவருக்கும் கொடார். முதுகுத் தண்டின் நரம்பணுக்கள் நலிந்து தசை மெலியும் கொடிய நோயுற்ற குழந்தைகளுக்கு ஒருமுறை செலுத்தும் ஊசி மருந்து ஒன்றின் விலை ஏறக்குறைய 16 கோடி ரூபாய் என்று சொல்லப்பட்டபோது, பல பெற்றோர் நாட்டு மக்களை நோக்கிக் கைநீட்டினர்; மக்களும் கொடுத்தனர். நூறும் இருநூறுமாகக் கொடுத்த எளிய மக்களின் நம்பிக்கையே அத்தகைய பெற்றோர்க்குள்ள ஒரே செல்வம். பொய்யன் திருடுவது நம் பணத்தை மட்டுமன்று. அந்த நம்பிக்கையையும் திருடுகின்றான். ஆகவே அவனை விலக்குதல் நமக்காக அன்று. நாளை உண்மையாகவே கைநீட்டப்போகின்றவருக்காக.

வேறு சிலர், 'கேள்வி கேட்டால் கருமி என்பார்களே' என்பர். கேள்வி கேட்டுக் கொடாதிருப்பவனே கருமி. கேட்டு, தெளிந்து, முன்னிலும் மிகுதியாகக் கொடுப்பவனை யார் கருமி என்பர்?

இங்கே ஒரு வரம்பும் கூறுதல் முறை. நம் வாயிலில் பசியென்று நிற்பவரிடம் மேற்சொன்ன ஏழு கேள்விகளையும் கேட்கத் தொடங்குதல் அறமாகாது. பசிக்குச் சோறிடுக, தாகத்திற்குத் தண்ணீர் தருக, அதற்குப் பதிவு எண் வேண்டா. 'பாத்திரம் அறிந்து பிச்சையிடு' என்னும் பழமொழியைச் சோறு மறுப்பதற்குச் சாக்காகக் கொள்ளாதீர். நம் விசாரணை, பிறருக்காக என்று சொல்லிப் பலரிடம் பொருள் திரட்டுவோரைப் பற்றியது. ஊர்ப்பொருளைத் தொடுபவன் ஊருக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவன்.

ஏமாந்தபின் செய்யத்தக்கது

இவ்வளவு எச்சரிக்கையாக இருந்தும் ஏமாந்துவிட்டால், வெட்கத்தால் வாய்மூடியிருத்தல் கூடாது. நம் வீட்டுப் பெரியோர் பலர், பிள்ளைகள் கடிந்துகொள்வார்களே என்று அஞ்சி மறைத்துவிடுகின்றனர். அம்மறைவே அடுத்த வீட்டார் ஏமாறுவதற்கு வழியாகின்றது. இணையவழியே பணம் போயிருந்தால், உடனே 1930 என்னும் எண்ணை அழைத்து முறையிடவேண்டும். எவ்வளவு விரைவாக அழைக்கின்றோமோ, அவ்வளவுக்குப் பணம் கைமாறிப் போகாமல் தடுக்கப்படக்கூடும். வங்கிக்கும் தெரிவிக்கவேண்டும். கைக்கு வந்த ரசீது, செய்தி, எண் எதனையும் அழித்தலாகாது. நேரில் நடந்த மோசடியாயின் காவல் நிலையத்தில் எழுதிக் கொடுக்கலாம். நாம் பரிகாசமாக வழங்கிவந்த 'நானூற்றிருபது' என்னும் பழைய பிரிவின் இடத்தில், 2024 ஜூலை முதல் பாரதிய நியாய சன்ஹிதையின் 318-ஆம் பிரிவு நிற்கின்றது. எண் மாறியது, குற்றம் மாறவில்லை. பிள்ளைகளாயினோர், ஏமாந்த பெற்றோரைப் பழியாமல் உடனிருந்து முறையிடச் செய்தலே கடமை.

நம் சங்கத்தின் கடமை

இதுகாறும் பிறரை விசாரிக்கும் வகையைப் பேசினோம். பிறரைக் கேட்குமுன் நம்மை நாமே கேட்டுக்கொள்ளல் வேண்டும். நம் சங்கத்தின் பெயராலும் கல்வி நிதி, திருமண உதவி, அன்னதானம் என்று பொருள் திரட்டுகின்றோம். நாளை எவனோ ஒருவன் நம் சங்கத்தின் பெயரை அச்சிட்ட ஒரு போலி ரசீதுப் புத்தகத்தோடு வெளியூரிலுள்ள நம்மவர் வீட்டுக்குச் சென்றால், அது போலி என்று அவர்கள் எவ்வாறு அறிவர்? அதற்கு வழி செய்யவேண்டியவர் நாமே.

ஆதலின் நான்கு செயல்களை உங்கள்முன் வைக்கின்றோம். சங்கத்துக்காக வசூலிக்கச் செல்வோர் எவராயினும், செயலாளர் கையொப்பமும் முடிவு நாளும் குறித்த அதிகாரக் கடிதமின்றிச் செல்லாதிருப்பதாக. ஒவ்வொரு வசூலையும் பற்றி, யார், எதற்காக, எந்நாள்வரை என்று இப்பத்திரிகையில் முன்கூட்டியே அறிவிப்பதாக. அறிவிப்பில் இல்லாத வசூல் நம் வசூலன்று என்று எல்லாரும் அறிந்திருப்பர். பணம் சங்கத்தின் கணக்கில் அன்றி எவர் பெயரிலும் சேராதிருப்பதாக. எடுப்பதற்கு இருவர் கையொப்பம் வேண்டுவதாக. வரவும் செலவும், கொடுத்தவர் பெயரும் தொகையும், ஆண்டு முடிவில் இப்பத்திரிகையிலேயே அச்சாவதாக. உதவி பெற்ற மாணவரின் பெயரை அச்சிட்டு அவரை நாணச் செய்தல் வேண்டா. எத்தனை பேர்க்கு, எவ்வளவு என்பது போதும்.

இவற்றோடு, அங்கத்தினர் தமக்கு வந்த வேண்டுகோளைப் பற்றி ஐயமுற்றால் கேட்பதற்கு மூவர் கொண்ட ஒரு சிறு குழுவையும் சங்கம் அமைக்குமாயின், முதியோர்க்கும் தனித்திருக்கும் தாய்மார்க்கும் பெரிய துணையாகும். கணினியும் கைப்பேசியும் நன்கறிந்த நம் இளைஞர் இப்பணிக்கு முன்வரலாம். மேடையில் மாலை கிடைக்கும் பணியன்று இது. ஆயினும் மாலை கிடைக்கும் பல பணிகளிலும் இது மேலானது.

அன்பர்களே! 'தருமத்திலும் சந்தேகமா?' என்று நம்மை வினவுவோர்க்கு நாம் சொல்லும் விடை இது: எமக்குச் சந்தேகம் தருமத்தின்மேல் இல்லை, தருமத்தின் வேடத்தின்மேலேயே உண்டு. வேடத்தை விலக்கினால் கொடை குறையாது. சேரவேண்டிய இடத்தைச் சேரும். இன்று இல்லம் திரும்பியபின், சென்ற ஓராண்டில் தாங்கள் கொடுத்த நன்கொடைகளுள் ஒன்றையேனும் எடுத்துக்கொண்டு, அது சென்று சேர்ந்த இடம் யாது என்று விசாரித்தறியுமாறு உங்கள் ஒவ்வொருவரையும் வேண்டிக்கொள்ளுகின்றோம். நன்றாகச் சென்று சேர்ந்திருந்தால், இவ்வாண்டு அதனை இரட்டித்துக் கொடுங்கள். இதுவே எம் வேண்டுகோள்.